இருபதாவது பெயர்

கீழச் சங்குமேட்டு அரசுப் பள்ளியில் பத்தொன்பது பிள்ளைகள் படித்தார்கள். வருகைப் பதிவேட்டில் இருபது பேர் இருந்தார்கள். அந்த ஒரு பெயரின் புண்ணியத்தில்தான் பதினாறு வருஷமாகப் பள்ளிக்கூடம் ஓடியது. ஜெசிந்தா டீச்சரும் அதோடு ஓடினாள்.

இருபதில் ஒன்று குறைந்தாலும் பள்ளியை மூடி, ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். அந்த ஒன்பது கிலோமீட்டரும் உப்பளம். வழியில் ஒரு மரம் கிடையாது, பஸ் கிடையாது. அந்த வெயிலில் ஒரு பிள்ளை புத்தகப் பையோடு நடந்து போகும் என்று நம்புகிறவர்கள் தலைமைச் செயலகத்தில் வேண்டுமானால் இருக்கலாம். சங்குமேட்டில் யாரும் இல்லை. பள்ளி மூடினால் அடுத்த திங்கட்கிழமை எல்லாரும் பாத்தியில் இறங்கி உப்பு வாருவார்கள், அவ்வளவுதான்.

அதனால் ஒரு பிள்ளை படிப்பை விட்டுவிட்டுப் போனாலும் அதன் பெயரை டீச்சர் போகவிடுவதில்லை. காலையில் பெயர் கூப்பிடுவாள். மேசைமேல் இருக்கும் சின்னக் கறுப்புப் பெட்டி அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். வாசலில் முகம் பார்க்கும் கேமரா ஒன்று மாட்டியிருந்தார்கள்தான். உப்புக்காற்று மூன்றே மாதத்தில் அதைத் தின்றுவிட்டது. வேறு கேட்டு எழுதியதற்கு, "குரல் பதிவே போதும்" என்று பதில் வந்தது. வந்த பிள்ளைகள் தங்கள் பெயருக்கு "உள்ளேன் டீச்சர்" என்பார்கள். போன பிள்ளையின் பெயருக்கு, யாருக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்திருந்ததோ அவர்கள் சொல்வார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தங்கள் பள்ளிக்கூடத்தைத் தாங்களே முட்டுக்கொடுத்து நிறுத்துகிறோம் என்று அந்தப் பொடிசுகளுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு விதியும் உண்டு. ஒரு பிள்ளைகூட வராத நாளில் வட்டாட்சியரே நேரில் வந்து காரணம் எழுத வேண்டும். புயல் காலத்துக்காகப் போட்ட விதி அது. ஜெசிந்தாவின் காலத்தில் அப்படி ஒரு நாள் வந்ததில்லை. புயலடித்த நாளிலும் இருபது பேரும் "வந்திருந்தார்கள்".

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம், வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு டீச்சர் முட்டை கொடுத்துக்கொண்டிருந்தபோது மாரித்தங்கம் வந்தாள். உப்பளத்தில் இருந்து நேராக வந்திருந்தாள். பாதம் இரண்டும் வெடித்து வெளுத்திருந்தன. அவளுடைய சின்ன மகள் வேணி, பத்தாம் வகுப்பு, வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். பெரிய மகள் கனி பத்து நாளாகச் சிறையில் இருந்தாள்.

கனிக்குப் பதினெட்டு வயது. உப்பு அரவை ஆலையில் எந்திரத்தின் பொத்தானைப் போடுவதும் அணைப்பதும் அவள் வேலை. எந்திரத்துக்குள் உப்பு கட்டிக்கொண்டது. அதைக் கொத்திவிட அன்னபாக்கியம் உள்ளே இறங்கினாள். மேற்பார்வையாளர் பொத்தானின்மேல் சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டுவிட்டுப் போனார். சாப்பிட்டுவிட்டு வந்த கனி, அட்டையை விலக்கிவிட்டுப் பொத்தானை அமுக்கினாள். அன்னபாக்கியம் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். கனியை இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டியவள் அவள்.

"டீச்சர், எம் மவளுக்கு வாசிக்கத் தெரியாதுன்னு கோர்ட்டுல வந்து ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள் மாரித்தங்கம். "வேற ஒண்ணும் வேண்டாம்."

டீச்சர் முட்டைக் கூடையை வேணியிடம் கொடுத்துவிட்டு, மாரித்தங்கத்தை வேப்பங்கன்று நிழலுக்குக் கூட்டிப் போனாள்.

"அவ ஏழாங் கிளாஸ்லயே நின்னுட்டா. அவ அப்பா படுக்கையில விழுந்த வருசம். ஒங்களுக்குத் தெரியாததா? ஆனா அங்கன பத்தாவது பாஸுன்னு காயிதம் காட்டுதாவ. தமிழ்ல தொண்ணூத்தேழு மார்க்காம். அட்டையில எழுதியிருக்கதப் படிச்சுட்டுத்தான் பொத்தான அமுக்குனா, வேணும்னே கொன்னுட்டா, இல்லன்னா திமிருல செஞ்சுட்டாங்காவ. ஏழு வருசம் உள்ள போடுவாவளாம்."

"அந்தச் சர்ட்டிபிகேட்டு..."

"அது வந்தப்ப நாங்களும் சந்தோசப்பட்டோம் டீச்சர், பொய் சொல்லல. கண்ணாடி போட்டு சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டுனோம். அதக் காட்டித்தான் பொத்தான்கிட்ட வேல குடுத்தாவ. பாத்தியில வேவாண்டாம், நெழல்ல நிக்கலாம்னு அனுப்புனேன்." மாரித்தங்கம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பரீட்சையே எழுதாதவ எப்பிடி டீச்சர் பாஸாவா?"

"இப்ப யாருமே பரீட்சை எழுதறதில்ல மாரித்தங்கம். கனிக்கு ஆறு வயசுல, இருபது நாள் ஒரு மிஷினுக்கு முன்னால உக்கார வச்சோமே, நெனவிருக்கா?"

"தலையில வளையம் மாதிரி மாட்டுனிய. கத சொல்லிச்சுன்னு வந்து சொன்னா."

"அதுல அவள மாதிரியே ஒண்ணு செஞ்சு வச்சிருக்காங்க. பிரதின்னு பேரு. உடம்பு கிடையாது, கம்ப்யூட்டருக்குள்ள இருக்கும். கனி எதச் சட்டுன்னு புடிச்சுக்குவா, எங்க திக்குவா, எத மறப்பா, எல்லாம் அதுக்குத் தெரியும். கனி வந்தான்னு இங்க பதிவானா, அன்னைக்குப் பாடத்த அது படிச்சிரும். அதுக்குத்தான் மார்க். அந்த மார்க்குதான் கனி மார்க்."

மாரித்தங்கம், "அப்ப எம் மவ பாத்தியில நிக்கயில, அது உக்காந்து படிச்சுருக்கு" என்றாள். "இவ பட்டினி கெடந்தா, ஏப்பம் அது விட்டுருக்கு."

டீச்சர் தரையைப் பார்த்தாள்.

"நாலு வருசமா அவ வந்தா, வந்தான்னு ஆரு சொன்னது டீச்சர்?"

ஜெசிந்தா "யோசிக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போதே தன்மேல் அருவருப்பாக இருந்தது. மாரித்தங்கம் கும்பிட்டுவிட்டுப் போனாள். திட்டிவிட்டுப் போயிருந்தால் எவ்வளவோ தேவலை.

யோசிப்பதற்கு அவளுக்கு அதிக நேரம் கிடைக்கவில்லை. மறுநாள் காலையிலேயே வட்டாரக் கல்வி அலுவலர் பொன்னரசு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மோசமான மனிதர் இல்லை. ஒரு காலத்தில் தமிழாசிரியராக இருந்தவர். பிள்ளைகள் மூலையில் இருந்த திரையில் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். திரையின் பாதி, உப்பேறிக் கறுத்துப் போயிருந்தது. படம் தெரியாவிட்டாலும் அது ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும். ஒன்று முதல் பத்து வரை எல்லா வகுப்புக்கும் அந்தத் திரையும் ஜெசிந்தாவும்தான். ஜெசிந்தாவுக்கோ முட்டைக் கணக்கு, செருப்பு அளவு, மாத்திரைப் பதிவு என்று நாள் பூராவும் படிவம் நிரப்பவே சரியாக இருந்தது.

"உங்களுக்கு சம்மன் வரும் டீச்சர்" என்றார் பொன்னரசு. "பதிவேடு உங்க பதிவுதானான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லிட்டு இறங்கிருங்க."

"கனி நாலு வருஷம் வரவே இல்ல சார்."

"எனக்கு ஏன் சொல்றீங்க? நான் கேக்கலையே." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒவ்வொரு பிள்ளைக்கும் போதுமான கல்வி கொடுக்கறது அரசோட பொறுப்புன்னு பதினஞ்சு வருஷம் முன்னால தீர்ப்பு வந்துச்சு. நல்ல தீர்ப்பு. நான்கூட அன்னைக்கு லட்டு வாங்கிக் கொடுத்தேன். ஆனா கொடுத்தோம்னு அரசு நிரூபிக்கணும். எப்படி நிரூபிக்கிறது? பிள்ளையச் சோதிச்சா ஒருத்தன் காய்ச்சல்ம்பான், ஒருத்தி மறந்து போச்சும்பா, பாதிப் பேர் ஃபெயிலு. பிரதியச் சோதிச்சா ஒரு தகராறும் இல்ல. கோர்ட்டு சான்று கேட்டுச்சு, சான்று கொடுத்தாச்சு."

"அப்ப பிள்ளைங்க?"

"பிள்ளைங்களப் பத்தி யாரும் கேக்கல டீச்சர்."

வெளியே யாரோ ஒரு பிள்ளை தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு மூடாமல் ஓடியது. பொன்னரசு எழுந்து போய் மூடிவிட்டு வந்தார்.

"அன்னைக்குக் கனி, இன்னைக்கு வேற ஒரு பேரு. இருபதாவது பேரு இந்த ஒரு ஊருலதான் இருக்குன்னு நினைக்கிறீங்களா? என் வட்டாரத்துலயே முப்பது ஸ்கூல்ல இருக்கும். நானும் கண்ண மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க கூண்டுல ஏறி வாயத் திறந்தீங்கன்னா, மறுநாள் நான் இங்க வந்து தலை எண்ணணும். பத்தொன்பதுன்னு எழுதணும். எழுதுவேன் டீச்சர், எனக்கும் வேற வழி கிடையாது. ஒரு பொண்ணுக்காகப் பத்தொன்பது பேரு படிப்புல மண்ணள்ளிப் போடுவீங்களா?"

அந்தக் கேள்வி ஜெசிந்தாவின் நெஞ்சில் தைத்தது. பத்தொன்பது பேர். வேணி தமிழில் தொண்ணூற்றாறு. அவளுக்கு அடுத்த பையன் கணக்கில் தொண்ணூறு. எட்டாம் வகுப்பில் யாரும் எண்பதுக்குக் கீழே இல்லை. மாதக் கடைசியில் அந்த மதிப்பெண் பட்டியல் வரும்போது, இந்தப் பொட்டல் காட்டில் தான் பட்ட பாடு வீண் இல்லை என்று அவளுக்கு ஆறுதலாக இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவள் முடிவு செய்தாள். ஒருத்தி போய்விட்டாள். பத்தொன்பது பேரைக் காப்பாற்றலாம்.

நீதிமன்றத்தில் கனியைப் பார்த்தபோது அந்த முடிவு ஆட்டம் கண்டது. பதினெட்டு வயது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்; அவ்வளவு மெலிந்திருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் எழுந்து நின்றாள். பக்கத்தில் இருந்த பெண் போலீஸ் அவள் தோளை அமுக்கி உட்கார வைத்தார்.

அரசு வழக்கறிஞர் டீச்சரைக் கேட்ட கேள்விகள் இரண்டுதான். "இந்த வருகைப் பதிவுகள் நீங்கள் செய்தவையா?" "ஆமா." "இந்தப் பெண்ணின் பெயர் பத்தாம் வகுப்பு முடியும்வரை இதில் இருக்கிறதா?" "இருக்குது." முடிந்தது. டீச்சர் இறங்கி, பெஞ்சில் மாரித்தங்கத்துக்கு இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்தாள். மாரித்தங்கம் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

நீதிபதி கனியிடம், "அந்த அட்டையைப் பார்த்தாயா இல்லையா?" என்று கேட்டார்.

"பாத்தேன் ஐயா."

"பார்த்தும் ஏன் அமுக்கினாய்?"

"அதுல ரெண்டு வார்த்ததான் ஐயா எனக்குப் புடிபட்டுச்சு. ஆளு, வேல. ஆல கேட்டுல போர்டு வச்சிருப்பாவல்லா, வேலைக்கு ஆள் தேவைன்னு. அதத்தான் இங்கனயும் மாட்டிருக்காவன்னு நெனச்சேன். அன்னபாக்கியம் சித்தி உள்ள இருக்கான்னு தெரிஞ்சா..."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அரசு வழக்கறிஞர் சிரிக்கவில்லை. "கனம் நீதிபதி அவர்களே, தெரியாது என்று மனிதர்கள் நடிக்கலாம். பிரதிக்கு நடிக்கத் தெரியாது. ஒருவருக்கு என்ன தெரியும் என்பதற்குப் பிரதியே சான்று என்று சட்டம் சொல்கிறது. இந்தப் பெண்ணின் பிரதியை அழைக்க அனுமதி வேண்டும்" என்றார்.

சிவப்பு அட்டை திரையில் பெரிதாகத் தெரிந்தது. 'ஆள் வேலை செய்கிறார். பொத்தானைத் தொடாதே.' சுவரில் இருந்த ஒலிபெருக்கியில் ஒரு பெண்பிள்ளையின் குரல் அதை வாசித்தது. தடங்கல் இல்லை, ழகர ளகரம் எல்லாம் அத்தனை சுத்தம்.

"இப்படி ஓர் அட்டையைப் பார்த்தால் நீ என்ன செய்வாய்?"

"தொடமாட்டேன். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று மேற்பார்வையாளரிடம் கேட்பேன்" என்றது குரல்.

கனி வாயைத் திறந்தபடி ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கு வர வேண்டிய ஏதோ ஒன்று வேறு யார் கைக்கோ போய்ச் சேர்ந்துவிட்டது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது போலிருந்தது. ஜெசிந்தாவால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் மாரித்தங்கம் எழுந்து கத்தினாள்.

"ஐயா, இது எம் பெரியவ கொரலு இல்ல! அவளுக்குக் கட்டத் தொண்டை. இப்பத்தான கேட்டிய? இது சின்னவ! எஞ் சின்ன மவ வேணி கொரலு!"

"அம்மா, உட்காருங்கள்."

"பெத்தவளுக்குத் தெரியாதா ஐயா?"

ஜெசிந்தாவுக்கும் அப்போதுதான் உறைத்தது. ஆமாம், வேணியின் குரல். பிள்ளை வளர வளரப் பிரதியின் குரலும் வளர வேண்டும் என்று, தினமும் பெயர் கூப்பிடும்போது சொல்கிற பதிலில் இருந்துதான் குரலை எடுக்கிறார்கள். கனி படிப்பை நிறுத்தியபோது வேணிக்கு ஒன்பது வயது. அக்காவின் இடத்தில் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். நாலு வருஷம், தன் பெயருக்கு ஒரு முறையும் அக்காவின் பெயருக்கு ஒரு முறையும் "உள்ளேன் டீச்சர்" என்று சொன்னவள் அவள்தான். அந்தப் பிரதி தின்று வளர்ந்ததெல்லாம் தங்கச்சியின் குரலை.

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இந்த அம்மா சொல்வதைப் பற்றி ஆசிரியைக்கு ஏதாவது தெரியுமா?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெற்ற வயிறு புலம்பியது என்று எழுதிக்கொண்டு வழக்கு நகர்ந்துவிடும். வாசலருகே நின்ற பொன்னரசு அவளைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தா எழுந்தாள்.

"அந்தம்மா சொல்றது நெசம் ஐயா. கனி ஏழாம் வகுப்புலயே நின்னுட்டா. நான்தான் பொய் சொன்னேன். தங்கச்சி 'உள்ளேன்'னு சொன்னா, நான் கேட்டுக்கிட்டு இருந்தேன். பள்ளிக்கூடத்த மூடிருவாங்கன்னு பயந்து செஞ்சேன். இந்தப் பிள்ளைக்கு நெசமாவே வாசிக்கத் தெரியாது."

தீர்ப்பு பத்து நாளில் வந்தது. குரல்களை ஒப்பிட்டுப் பார்த்து, மாரித்தங்கம் சொன்னதுதான் சரி என்று நிபுணர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கனி விடுதலை ஆனாள். தீர்ப்பின் கடைசிப் பத்தியை ஜெசிந்தா நாலு தடவை படித்தாள். 'இப்பெண் பள்ளிக்கு வந்திருந்தால் என்ன கற்றிருப்பாள் என்பதை அவளது பிரதி ஐயமற நிறுவியுள்ளது. ஆகவே போதுமான கல்வியை வழங்கும் கடமையில் அரசு தவறவில்லை. பிழை ஆசிரியை ஒருவருடையதே.'

பொன்னரசு சொன்னபடி வந்து தலை எண்ணினார். சொன்னபடி பத்தொன்பது என்று எழுதினார். மாதக் கடைசியோடு பள்ளி மூடப்படும். முதல் தேதியிலிருந்து டீச்சர் தற்காலிகப் பணிநீக்கம். கையெழுத்து வாங்கும்போது, "என்னைத் தப்பா நினைக்காதீங்க" என்றார். அவள் நினைக்கவில்லை. அவருக்கும் அவளுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? இருவரும் கேட்காமல் இருந்தே காலத்தைத் தள்ளியவர்கள்.

ஊர் அப்படி விட்டுவிடவில்லை. "நல்லவன்னு பேரு வாங்கப் போயி ஊரு பிள்ளையள் வாயில மண்ணப் போட்டுட்டா" என்று தண்ணீர்க் குழாயடியில் அவள் காதுபடவே பேசினார்கள். கனி வீட்டுக்கு வந்தும் வாசலைத் தாண்டவில்லை. பக்கத்துச் சுவருக்கு அந்தப் புறம், அன்னபாக்கியத்தின் பிள்ளைகள் அழுகிற சத்தம் பகலெல்லாம் அவளுக்குக் கேட்டது. ஒரு வாரம் கழித்து விடியுமுன்னே எழுந்து பாத்திக்குப் போய்விட்டாள். அங்கே வாசிக்க எதுவும் இல்லை.

பள்ளி மூட இன்னும் மூன்று நாள் இருந்தது. ஜெசிந்தாவின் படிவங்களை எல்லாம் மேலே இருந்தே பூட்டிவிட்டார்கள். வருகைப் பதிவு மட்டும்தான் பாக்கி. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குப் பாடம் நடத்த நேரம் கிடைத்தது. என்ன நடத்துவது? இந்தப் பிள்ளைகள் முதல் தேதி எங்கே போவார்கள் என்று அவளுக்குத் தெரியும். கொஞ்சம் பேர் பாத்திக்கு, பெரியவர்கள் ஆலைக்கு. கையில் நல்ல மதிப்பெண் இருக்கிறது. பொத்தான் பக்கம்தான் நிற்க வைப்பார்கள். சரி, கனிக்கு நேர்ந்தது இவர்களுக்கு நேராமல் இருக்க, ஆலையில் தொங்குகிற அட்டைகளையாவது காட்டிவிடலாம் என்று நினைத்தாள்.

திரையை அணைத்தாள். அது வாயை மூடியதும் வகுப்பில் ஒரு விநோதமான அமைதி வந்தது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெசிந்தா சுண்ணாம்புக் கட்டியைத் தேடி எடுத்து, பலகையைத் துடைத்து, பெரிய எழுத்தில் எழுதினாள்.

'ஆள் வேலை செய்கிறார். பொத்தானைத் தொடாதே.'

"வேணி, நீ வாசி. இது என்னன்னு சின்னவங்களுக்கு நீயே சொல்லு."

வேணி எழுந்தாள். பள்ளிக்கு ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. காய்ச்சலோடு வந்து மூலையில் சுருண்டு படுத்திருந்த நாளெல்லாம் உண்டு. தமிழில் தொண்ணூற்றாறு. பலகையைப் பார்த்தாள். உதடு அசைந்தது. மூலையில் இருந்த அணைந்த திரையைப் பார்த்தாள். அது வாசித்துக் கொடுக்குமா என்று காத்திருந்தாள். மறுபடி பலகையைப் பார்த்தாள். பிறகு அவள் முகம் தெளிந்தது.

"தெரிஞ்சுட்டு டீச்சர். வேலைக்கு ஆளு எடுக்காவன்னு போட்டிருக்கு."

ஜெசிந்தா சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்தாள். வேணிக்குப் பின்னால் இருந்த பையனைப் பார்த்தாள். அவனும் தலையாட்டினான். "ஆமா டீச்சர், ஆலைக்கு ஆளு எடுக்காவ." ஒன்பதாம் வகுப்பைக் கேட்டாள். எட்டாம் வகுப்பைக் கேட்டாள். ஒருத்தி "ஆ... ள்" என்று எழுத்துக் கூட்டி அங்கேயே நின்றாள். ஒருவன் பொத்தானை என்ற வார்த்தையைப் பொன்னான என்றான். மற்றவர்கள் வேணியின் வாயைப் பார்த்து அதையே சொன்னார்கள். பத்தொன்பது பேரையும் கேட்டு முடித்தாள். பதினாறு வருஷத்தில் இதை ஏன் ஒரு நாளும் கேட்கவில்லை? மதிப்பெண் வந்துகொண்டிருந்தது, அதனால் கேட்கவில்லை. இந்தப் பத்தொன்பது பேருக்காகவா கனியைக் காவு கொடுக்கப் பார்த்தோம் என்று நினைத்து மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொண்ணூத்தாறு மார்க் வாங்கியிருக்கியே வேணி" என்றாள்.

வேணிக்கு டீச்சர் ஏன் கலங்குகிறாள் என்று விளங்கவில்லை. சமாதானப்படுத்துகிறவள் போலச் சொன்னாள்: "எனக்குத்தான் தெரியல டீச்சர். எம் பிரதிக்குத் தெரியும்லா?"

ஜெசிந்தா நாற்காலியில் உட்கார்ந்து கறுப்புப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். அன்றைய பெயர்கள் இன்னும் கூப்பிடவில்லை. முதல் பெயரைச் சொன்னாள். "உள்ளேன் டீச்சர்" என்றது பிள்ளை. "வரவில்லை" என்றாள் ஜெசிந்தா, பெட்டிக்கு நேராகக் குனிந்து. இரண்டாவது பெயர். "உள்ளேன் டீச்சர்." "வரவில்லை." ஆசிரியை சொல்வதுதான் பெட்டிக்குக் கடைசி வார்த்தை. முன் வரிசையில் இருந்த சின்னது ஒன்று அழத் தொடங்கியது. அவள் நிறுத்தவில்லை. ஒரு பிள்ளைகூட வராத நாளில் வட்டாட்சியர் நேரில் வர வேண்டும். வரட்டும். வந்து பலகையில் இருப்பதை இவர்களிடம் வாசிக்கச் சொல்லட்டும்.

பத்தொன்பதாவது, வேணி.

"உள்ளேன் டீச்சர்."

"வரவில்லை."

"டீச்சர்!" வேணி இருந்த இடத்தில் இருந்து எழுந்துவிட்டாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் வந்திருக்கேன் டீச்சர். ஒரு நாக்கூட நிக்காம வந்திருக்கேன்."

"நீ வந்த, தாயி" என்றாள் ஜெசிந்தா. "பள்ளிக்கூடந்தான் வரல."

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் பலகையை அழிக்காமல், வேணியைப் பக்கத்தில் கூப்பிட்டு, அதன் முதல் எழுத்தின்மேல் அவள் விரலை எடுத்து வைத்தாள்.